ஏசிக்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும்

மூன்றாம் ஆண்டாக ஏப்ரல் மாதத்தில் எங்கள் வீட்டு ஏசி குளிர்ச்சி தர மறுத்தது. மூன்றாம் ஆண்டாக மெக்கானிக் வந்தார், வெளிப்புற யூனிட்டின் வால்வில் கேஜைப் பொருத்தினார், "கேஸ் போயாச்சு" என்றார், நிரப்பினார், பணத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு விரைந்தார். அவர் போன பிறகு அம்மா கேட்டார்: "வருசா வருசம் கேஸ் குடிக்கியதுக்கு இது என்ன அடுப்பா மக்கா?"

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தொழில்நுட்பத்தின் சமூக வரலாற்றை ஆய்வு செய்பவன் என்று சொல்லிக்கொள்கிறேன். வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே தம் முதல் குளிர்சாதன அமைப்பை வடிவமைத்தார் என்பது எனக்குத் தெரியும். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் நூற்பாலைத் துறையைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிராமர் வழங்கினார் என்பதும் தெரியும். ஒரு 'டன்' ஏசி என்பது பெட்டியின் எடையன்று, ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகுவதற்கு உறிஞ்சும் வெப்பத்தின் அளவு என்பதை மாணவர்களிடம் சொல்லி அவர்களை வியப்பில் ஆழ்த்தியிருக்கிறேன். ஆனால் அம்மாவின் படுக்கையறைச் சுவரில் தொங்கும் பெட்டியிலிருந்து கேஸ் எங்கே போகிறது என்பது தெரியாது. இந்த அறியாமை என் ஒருவனுடையது மட்டுமன்று, எங்கள் துறையினுடையதும் என்று நினைப்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

விடை எளியது, அம்மாவின் ஒப்புமையிலேயே அது இருக்கிறது. அடுப்பில் கேஸ் எரிகிறது, ஆகவே தீர்கிறது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது: அறைக்குள் உள்ள காயிலில் ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது, கம்ப்ரசரால் அழுத்தப்பட்டு வெளியே உள்ள காயிலில் திரவமாகி அந்த வெப்பத்தை விடுகிறது, மீண்டும் உள்ளே வருகிறது. பத்து ஆண்டு ஓடினாலும் அதன் அளவு குறையக் காரணமில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, அல்லது பொருத்திய நாளிலேயே குறைவாக இருந்தது. ஆகவே 'ஆண்டுக்கொரு முறை கேஸ் நிரப்ப வேண்டும்' என்று நம் வீடுகளில் வழங்கும் வாக்கியம் பராமரிப்பைப் பற்றியதே அன்று. பராமரிப்பு நடக்கவில்லை என்பதற்கான ஒப்புதல் அது.

நான்காம் ஆண்டு வேறொரு இளைஞர் வந்தார். ஐடிஐயில் குளிர்சாதனப் பிரிவில் படித்தவர். கேஜை எடுப்பதற்கு முன்பே, "போன வருஷமும் நிரப்பினீங்களா? அதுக்கு முன்னாடி?" என்று கேட்டார். பிறகு சோப்பு நுரையைப் பஞ்சில் தோய்த்துக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். உள்யூனிட்டின் பின்புறம், சுவர்த் துளையை ஒட்டிய பிளேர் நட்டில் சிறு குமிழ் ஒன்று மெல்ல வீங்கியது. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருந்ததையும் காட்டினார். கேஸோடு கம்ப்ரசரின் எண்ணெயும் சிறிதளவு சுற்றுவதால், கசிவு உள்ள இடத்தில் எண்ணெய் பிசுபிசுக்கும். மூன்று ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்த தடயம். எஞ்சிய கேஸைத் தனிச் சிலிண்டரில் வாங்கிக்கொண்டு, குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, நட்டை முறுக்கி, நைட்ரஜனை அழுத்தி மறுபடி நுரை தடவி, வாக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, கடைசியில் தராசில் வைத்து எடைக்கு எடை கேஸ் ஏற்றினார். முழுதாக இரண்டரை மணி நேரம். முன்னர் வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்தில் முடித்த வேலை.

அவர் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு வாங்கிய கூலி, முன்னவர்கள் அரை மணி நேரத்துக்கு வாங்கியதைவிட அதிகமில்லை. இந்தக் கணக்கு என்னை உறுத்துகிறது. பின்னர் அதற்கு வருகிறேன்.

முதலில் கசிந்த கேஸின் கணக்கு. 2016இல் வாங்கிய எங்கள் ஏசியில் உள்ளது ஆர்-410ஏ. அது ஓசோன் படலத்தைத் துளைப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ ஆர்-410ஏ வளிமண்டலத்தில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சிறிய பெட்ரோல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 140 கிராம் கரியமில வாயுவை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோ கேஸ் காரை 14,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதற்குச் சமம். காரக்கோணத்திலிருந்து டெல்லிக்கு இரண்டு முறை போய்த் திரும்பலாம். நாங்கள் எங்கும் போகவில்லை. மூன்று கோடைகளில் ஒரு நட்டின் வழியே அதை விட்டுவிட்டோம். இப்போது விற்பனைக்கு வரும் ஏசிகளில் பெரும்பாலும் காணப்படும் ஆர்-32இன் மதிப்பு 675, அதுவும் சிறிதன்று. ஹைட்ரோஃபுளோரோகார்பன்களைக் குறைப்பதற்கான கிகாலித் திருத்தம் 2016இல் உருவானது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. நம் நாட்டில் குறைப்பு 2032இல்தான் தொடங்கும். பருவநிலை அரசியலைப் பற்றிய நம் கருத்தரங்குகளில் இந்த ஆண்டுகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த ஒப்பந்தம் நிறைவேற வேண்டிய இடங்களில் ஒன்று எங்கள் வீட்டுச் சுவர்த் துளையை ஒட்டிய பித்தளை நட்டு என்பதை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. காரக்கோணம் என்றால் வெளியூர் நண்பர்களுக்கு எவரெஸ்ட் ஏறச் சென்ற மருத்துவர் சாமர்வெல்லின் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளும் அதோடு நின்றன. மாநிலத்தின் கோடு இங்கே ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. மழைக்கு அந்தக் கோடு தெரியாது. இடவப்பாதியும் எங்களுக்கு உண்டு, துலாவர்ஷமும் உண்டு. இரண்டு மழைக்கும் இடைப்பட்ட காலத்திலும் காற்றில் ஈரம் வற்றுவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏசியோடு வரும் கையேடு இந்த ஊருக்காக எழுதப்பட்டதன்று. பருவம் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை, பருவம் முடிந்தபின் செய்ய வேண்டியவை என்று இரண்டு பத்தி அதில் இருக்கும். கோடைக்கு முன்பு திறந்து துடை, குளிர்காலத்துக்கு முன்பு உலர்த்தி மூடிவை. டெல்லியிலோ லக்னோவிலோ அது பொருந்தும். அங்கே ஏசி ஆண்டில் பாதி நாள் உறங்குகிறது. காரக்கோணத்தில் அது எப்போது உறங்குகிறது? 2024 ஏப்ரல், மே மாதங்களில் வெப்ப அலை எச்சரிக்கை கேரளத்துக்கே வந்தது. மாநிலத்தின் உச்ச நேர மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. இரவில் ஏசியை 26 டிகிரிக்குக் குறையாமல் வைக்கும்படி மின்வாரியம் வேண்டிக்கொண்டது. அந்த இரண்டு மாதங்களை விட்டுவிட்டாலும், ஆடி மாதப் புழுக்க இரவில் ஒரு மணி நேரம், ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் இரண்டு மணி நேரம் என்று ஆண்டு முழுவதும் ஏசி சிறிது சிறிதாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நீளமாக ஓடும் ஏசியைவிட இப்படி விட்டுவிட்டு ஓடும் ஏசிதான் உள்ளுக்குள் விரைவில் கெடுகிறது. காரணம் தூசி அன்று, ஈரம்.

கேரியர் அச்சகத்தில் செய்ததும் ஈரத்தை அகற்றுவதுதானே. காற்று குளிர்ந்த காயிலின்மீது படும்போது அதன் ஈரம் நீராகிச் சொட்டுகிறது. எங்கள் ஊர்க் காற்றில் ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீரை இறக்கும். அந்த நீர் தட்டில் விழுந்து டிரெயின் பைப்பின் வழியே வெளியேற வேண்டும். ஏசியை நிறுத்திய கணத்தில் காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே ஒரு நீர்ப்படலம் எஞ்சிவிடுகிறது. இருட்டு, ஈரம், சிறிது தூசி. பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்? 'ஏசியைப் போட்டதும் ஒரு வாடை' என்று பலரும் சொல்வது இதைத்தான். இதற்கான மருந்து எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. நிறுத்துவதற்கு முன்பு பத்துப் பதினைந்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் தகடுகள் உலர்ந்துவிடும். சில புதிய ஏசிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. நிறுத்திய பிறகும் ஓடுகிறதே என்று நாம் பதறிப்போய் மெயினை அணைத்துவிடுகிறோம்.

எங்கள் தாத்தா காலத்து வீட்டுக்கு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. நீர் வற்றும் மாதத்தில் கிணற்றைத் தூர் எடுப்பார்கள். இடவப்பாதிக்கு முன்பு கூரையைப் பிரித்துப் புதிய ஓலை மேய்வார்கள். ஓடு வந்த பிறகு உடைந்த ஓட்டை மாற்றுவது அதே நாட்களில் நடந்தது. இன்றும் வைகாசி பிறக்கும் முன்பு ரப்பர் மரங்களுக்கு ரெயின் கார்டு கட்டாத வீடு எங்கள் பக்கத்தில் இராது. கட்டாவிட்டால் மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுபோகும். மரத்துக்கு மழைக்கு முன்பு என்ன செய்ய வேண்டும் என்று துல்லியமாக அறிந்த அதே வீட்டுக்காரர், அந்த மரங்களுக்கு அடியிலேயே நிற்கும் வெளிப்புற யூனிட்டை வாங்கிய நாளுக்குப் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் சோம்பேறி அல்லர். ஏசி இன்னும் அவருடைய பஞ்சாங்கத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

வந்தால் எப்படி இருக்கும் என்று இரண்டு ஆண்டுகளாக வீட்டில் எழுதி வருகிறோம்.

மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்க்கிறது. சருகும் இலைத் தூளும் வெளிப்புற யூனிட்டின் பின்பக்கக் காயிலில் அப்பிக்கொள்கின்றன. வெப்பம் வெளியேறும் வாசல் அது. அடைபட்டால் கம்ப்ரசர் மூச்சுத் திணறும். ஆகவே முழுமையான சர்வீசுக்கு ஏற்ற காலம் இலை உதிர்ந்து முடியும் மாசியின் தொடக்கம். அப்போது மெக்கானிக்குகளுக்கும் நேரம் இருக்கிறது, நமக்கும் பதற்றம் இல்லை. உள்யூனிட்டின் மின்பலகையைப் பாலித்தீனால் மூடி, காயிலையும் அதற்குக் கீழே உருளும் புளோயரையும் நீரால் கழுவச் சொல்ல வேண்டும். புளோயரின் இதழ்களில் படியும் கரிய படிவம் பில்டரைக் கழுவினால் போகாது. அமிலம் கலந்த திரவத்தைத் தெளித்துப் 'பளபள' என்று ஆக்கித் தருகிறேன் என்பவரைத் தடுத்துவிடுங்கள். அலுமினியத் தகடு அரிபடும். பிரஷர் பம்பை மிக அருகில் பிடித்தாலும் தகடுகள் மடங்கிக் காற்று நுழையாமல் போய்விடும்.

பங்குனி, சித்திரையில் பில்டர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. முன்மூடியைத் திறந்து இரண்டு வலைத் தட்டுகளை உருவி, கிணற்றடியில் குளிர்ந்த நீரில் பின்புறத்திலிருந்து முன்புறமாக ஓடவிட்டு, நிழலில் காய வைத்துத் திரும்பச் செருகுவது. வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் நெளிந்துவிடும். பத்து நிமிட வேலை. அழுக்கான பில்டரை மாற்றுவதால் மின்செலவு 5 முதல் 15 விழுக்காடு வரை குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. எங்கள் வீட்டில் இதைச் செய்பவர் அம்மா. அவர் இதைப் 'பராமரிப்பு' என்று அழைப்பதில்லை. பாத்திரம் கழுவுவதோடு சேர்த்துச் செய்கிறார். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிச் செய்யும் 'சர்வீஸ்' ஆண்களின் தொழிலாகவும், ஆண்டில் இருபது முறை செய்யும் இந்த வேலை எண்ணப்படாததாகவும் இருப்பது, வீட்டு உழைப்பைப் பற்றி நாம் ஏற்கெனவே அறிந்த கதையின் இன்னோர் அத்தியாயம்தான்.

வைகாசியில், மழைக்கு முன்பு, டிரெயின் பைப். ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றி மறுமுனையில் அதே வேகத்தில் வருகிறதா என்று பார்ப்பது. எங்கள் பைப்பின் வாயில் ஒரு முறை குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதனால் அறைக்குள் நீர் சொட்டியதைத்தான் முதலில் வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்றார். (கேஸ் குறைந்தால் காயில் பனி பூத்து நீர் சொட்டுவதும் உண்டு என்பதால் அவரை முழுதாகக் குற்றம் சொல்ல முடியவில்லை.) ஆடியில் குளிர்ச்சியைவிட உலர்ச்சியே வேண்டும்; ட்ரை மோடு அதற்காகத்தான் இருக்கிறது, ரிமோட்டில் அந்தப் பொத்தானை அழுத்தியவர்களைக் காண்பது அரிது. ஐப்பசி எங்கள் பக்கத்தில் இடியின் மாதம். வானம் முழங்கத் தொடங்கும் முன்பே ஏசியின் பிரேக்கரை இறக்கிவிட வேண்டும்; ரிமோட்டில் அணைத்தால் போதாது, மின்பலகை அப்போதும் மின்சாரத்தோடுதான் இருக்கிறது. ஸ்டெபிலைசர் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும், மின்னலைச் சமாளிக்காது. அதே மாதத்தில் எறும்பும் பல்லியும் மழைக்கு ஒதுங்க இடம் தேடி வெளிப்புற யூனிட்டின் மின்பகுதிக்குள் புகுகின்றன. தொடுமுனைகளுக்கு இடையே பல்லி சிக்கினால் பல்லியும் போகும், பலகையும் போகும். பொழியூர்க் கடற்கரையில் உள்ள உறவினர் வீட்டுக்கு இவை எல்லாவற்றோடும் உப்புக் காற்றும் உண்டு. அவர்கள் மாதம் ஒரு முறை வெளிப்புற யூனிட்டின்மீது நல்ல நீரைத் தெளித்து உப்பைக் கழுவுகிறார்கள். அந்தத் தெருவில் அப்படிச் செய்யாத யூனிட்டுகளின் தகடுகள் சில ஆண்டுகளில் விரல் பட்டால் உதிரும் பதத்துக்கு வந்திருப்பதை நானே தொட்டுப் பார்த்தேன்.

இந்தப் பஞ்சாங்கத்தில் 'கேஸ்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தொழில்நுட்ப வரலாறு ஏன் இவற்றைப் பேசுவதில்லை? டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'த ஷாக் ஆஃப் த ஓல்ட்' நூலில், நாம் எழுதும் வரலாறு கண்டுபிடிப்பின் வரலாறாகவே இருக்கிறது, பயன்பாட்டின் வரலாறாகவும் பழுதுபார்ப்பின் வரலாறாகவும் இல்லை என்று வாதிட்டார். ஆண்ட்ரூ ரஸ்ஸலும் லீ வின்சலும் 2016இல் பராமரிப்பாளர்களைப் போற்றி எழுதிய கட்டுரை அந்த வாதத்தைப் பரவலாக்கியது. இவற்றைப் படித்துவிட்டுத்தான் நானும் பேசுகிறேன். ஆனால் மேலைநாட்டு நூல் வந்து சொல்லும் வரை நமக்கு இது தெரியாது என்று நடிக்க வேண்டியதில்லை. ஏரியின் கரையையும் மதகையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து நம் சொல். மராமத்து என்ற அரபுவழிச் சொல்லுக்குப் பொருளே பழுது நீக்குதல். எங்கள் எல்லையில் ஒரு விந்தையைக் காணலாம்: சாலை போடும் அரசுத் துறைக்குக் கேரளத்தில் இன்றும் பொது மராமத்து வகுப்பு என்று பெயர், களியக்காவிளையைத் தாண்டினால் அது பொதுப்பணித் துறை. ஒன்றில் பழுது நீக்குவது பெயரிலேயே இருக்கிறது. மற்றொன்றில் 'பணி' மட்டும் எஞ்சியது. சாலைகளின் தரத்தைக் கொண்டு எந்தப் பெயர் பொருத்தம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை இருபுறமும் பயணம் செய்பவர்களிடமே விடுகிறேன்.

பணக் கணக்கிலும் எல்லைக்கு ஒரு பங்கு உண்டு. கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் மாதம் 250 அலகு வரை படிப்படியாக ஏறுகிறது. அதைத் தாண்டினால் படிகள் மறைந்து முதல் அலகிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. மாதம் 240 அலகில் நிற்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 120 அலகு ஏசிக்குப் போகிறது என்று கொள்வோம். பில்டரும் காயிலும் அடைபட்டு அது பத்து விழுக்காடு கூடுதலாக இழுத்தால் 12 அலகு, மொத்தம் 252. பன்னிரண்டு அலகின் விலையை மட்டும் அந்த வீடு கூடுதலாகக் கட்டவில்லை. அனைத்து அலகுகளும் விலை மாறி, மாதத்துக்குச் சில நூறு ரூபாய் ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு 100 அலகு இலவசம். 500ஐத் தாண்டும்போது அங்கும் கீழ்ப்படிகளின் விலை மாறும். ஏசியின்மீது ஒட்டிய நட்சத்திரச் சீட்டு இதையெல்லாம் அறியாது. அந்தச் சீட்டிலுள்ள ஆண்டு மின்செலவு, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்து, புத்தம் புதிய இயந்திரத்துக்குக் கணிக்கப்பட்டது. ஐந்து நட்சத்திர ஏசியை வாங்கி அழுக்கேற விட்டவர் எத்தனை நட்சத்திரத்தை உண்மையில் பெறுகிறார் என்பதைச் சொல்ல எந்தச் சீட்டும் இல்லை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு டிகிரி கூட்டினால் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. வெப்பநிலைக்கு விதி செய்ய அரசுக்கு எளிதாக இருக்கிறது. பில்டருக்கும் பிளேர் நட்டுக்கும் எவரும் விதி செய்ய முடியாது. அங்கே ஓர் ஆள் போய்ப் பார்த்தாக வேண்டும்.

அந்த ஆளின் நிலைமைக்கு வருகிறேன். மார்ச் முதல் மே வரை எங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக்குக்கு நாள் முழுவதும் அழைப்புகள். ஆவணி, புரட்டாசியில் கைபேசி ஒலிப்பதே அரிது. வேலைக்கு வேலை கூலி. கசிவைத் தேடி இரண்டரை மணி நேரம் செலவிட்டால் அன்றைய மூன்று வீடுகளை இழக்கிறார். கேஸை நிரப்பிவிட்டுப் போனால் அந்த மூன்றும் கிடைக்கும், அடுத்த ஆண்டு இதே வீடும் கிடைக்கும். நேர்மையானவரைத் தண்டிக்கும் ஏற்பாடு இது. இதை அமைத்ததில் அவசரப்படும் நமக்கும் பங்குண்டு. 2019இல் வெளிவந்த இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் வழங்குவதை இலக்காக வைத்தது. பயிற்சி தேவைதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த இளைஞருக்குப் பயிற்சி இருந்தது. அவருக்கு இல்லாதது, கசிவைக் கண்டுபிடித்த நேரத்துக்கான கூலி. நம் வீடுகளில் வெளிப்புற யூனிட் இருக்கும் இடத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் மாடியின் வெளிச்சுவரில், நிற்க ஓர் அடிப் பலகைகூட இல்லாமல், இரண்டு இரும்புத் தாங்கிகளின்மேல். ஜன்னல் விளிம்பில் ஒரு காலும் தாங்கியில் ஒரு காலுமாக நின்று ஒருவர் நட்டை முறுக்குகிறார். அப்படி நிற்பவரிடம் 'நைட்ரஜன் போட்டுப் பாருங்கள்' என்று கீழிருந்து சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டு வரைபடம் போடும்போதே கை எட்டும் இடத்தில் யூனிட்டுக்கு இடம் ஒதுக்காத பொறியாளர்களும் இந்தக் கேஸ் கணக்கில் பங்காளிகள்.

கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கேட்டால் நிலைமை சற்றேனும் மாறும் என்று நம்புகிறேன். எங்கே கசிந்தது? வாக்யூம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா? எத்தனை கிராம் ஏற்றினீர்கள், அதைப் பில்லில் எழுதித் தர முடியுமா? வெளிப்புற யூனிட்டின் பெயர்ப்பலகையில் எந்தக் கேஸ், எவ்வளவு எடை என்று அச்சிட்டிருக்கும். அந்த எடையோடு ஒப்பிட யாருக்கும் பட்டம் தேவையில்லை. கூடவே, கசிவைத் தேடும் நேரத்துக்குத் தனிக்கூலி தருவேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டால் போதும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒப்பந்தக்காரர் ஆண்டுக்கு மூன்று முறை வருவார். ஈரமும் எறும்பும் மற்ற முந்நூற்று அறுபத்திரண்டு நாட்களிலும் வருகின்றன.

ஆய்வு நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "ஏசியே வேண்டாம் என்றல்லவா நீங்கள் எழுத வேண்டும்?" என்றார். ஓடும் பெட்டி வெளியே தள்ளும் வெப்பம் ஏசி இல்லாத அடுத்த வீட்டின் ஜன்னலுக்குள் போகிறது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. மரநிழலும் காற்றோட்டமும் ஓடும் முதலில் வர வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் 2024 மே மாதத்து இரவுகளில், இதய மாத்திரை உண்ணும் எழுபது வயதுப் பெண் ஒருவர் அந்த அறையில் படுத்து உறங்கினார். அந்த உறக்கத்தை ஆடம்பரம் என்று எழுத என்னால் இயலவில்லை. வாங்கியாயிற்று. இனி அது எத்தனை ஆண்டு, எவ்வளவு மின்சாரத்தில், எவ்வளவு கேஸைக் கசியவிடாமல் ஓடும் என்பதே எங்கள் முன் உள்ள கேள்வி. பழைய பெட்டியை மூன்று ஆண்டு கூடுதலாக நல்ல நிலையில் வைத்திருப்பது, புதிய ஐந்து நட்சத்திரப் பெட்டியை வாங்கிச் சூழலைக் காப்பாற்றியதாக எண்ணிக்கொள்வதைவிட மேலானது என்பது என் கருத்து. எல்லா நேரத்திலும் அன்று. ஆனால் நம் விளம்பரங்கள் நம்பச் சொல்வதைவிட அதிக நேரங்களில்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. மெக்கானிக் மலையாளத்தில் பேசுகிறார். சில நேரம் அவரோடு வரும் உதவியாளர் வங்காளத்திலிருந்து வந்தவர். பில்டரைக் கழுவும் அம்மா தமிழ் மட்டுமே வாசிப்பார். அந்தப் பெட்டியைத் தொடும் மூவரில் எவருக்கும் கையேடு எழுதப்படவில்லை. ஆகவே நாங்கள் எழுதினோம். சுவரில் தொங்கும் மலையாள மனோரமா நாட்காட்டியின் பின்புறத் தாள்களில், மாதத்துக்கு ஒரு பக்கம், தமிழில். எந்த நாளில் பில்டர், எந்த நாளில் டிரெயின் பைப், யார் வந்தார், எத்தனை கிராம். அந்த இளைஞர் வந்துபோன பிறகு இரண்டு கோடைகள் கடந்திருக்கின்றன. கிராம் என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு முறையும் அம்மா ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். கடைசிக் குறிப்பு சென்ற வாரத்தினுடையது: "ஐப்பசி 9. இடி. நாலு மணிக்கே ஆஃப் பண்ணியாச்சு. பல்லி ஒண்ணு உள்ளே போச்சு, வெளியே வரல்ல. ஆளைக் கூப்பிடணும்."